கோழி இறகு ஆங்கியோர்னிஸும் காளியம்மாள் எழுதிய சீட்டும்

முப்பத்து நான்கு ஆண்டுகள் விலங்கியல் துறையின் கதவைக் காலையில் திறந்து மாலையில் அடைத்து, இடைப்பட்ட பொழுதெல்லாம் எலும்பும் இறகும் கண்ணாடிக் குடுவையுமாக எங்களோடு உழைத்து, இன்று அருங்காட்சியகக் காப்பாளராகப் பணி நிறைவு காணும் திருமதி க. காளியம்மாள் அவர்களுக்கு, திண்டுக்கல் நகரின் இக்கல்லூரி விலங்கியல் துறையினர் அவையறிய வாசித்து அளிக்கும் மடல்.

கண்ணாடிக் குடுவைகளைக் கைதவற விடாமல் காத்த கடமைச் செம்மலே! பார்மலின் நெடியில் பாதி வாழ்நாள் நின்றும் பேச்சில் நெடியேறாத பெருந்தகையீர்! எழுத்தில் அழகும் எண்ணத்தில் நேர்மையும் எவர் முன்னும் இயல்பு மாறாத தன்மையும் உடையவரே! வணக்கம்.

இன்னும் ஆறு அடைமொழிகள் எழுதி வைத்திருந்தோம். சென்ற வியாழனன்று வரைவை வாங்கிப் படித்த தாங்கள், "இதெல்லாம் யாரைச் சொல்றீங்க?" என்று கேட்டு அவற்றைப் பென்சிலால் அடித்துவிட்டீர்கள். எஞ்சியவை இவைதாம்.

வடமதுரையிலிருந்து வேன் பிடித்து வந்து இந்த அரங்கின் பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் தங்கள் உறவினர்களுக்கு, தாங்கள் இங்கே செய்த வேலை என்னவென்று முழுதாகத் தெரியாது. ஆகையால் இனிச் சொல்வதைத் தங்களைப் பார்த்துச் சொல்லாமல் அவர்களைப் பார்த்துச் சொல்கிறோம். நடந்ததை நடந்தபடியே சொல்ல, முன்வரிசையில் இருக்கும் முன்னாள் துறைத்தலைவர் முனைவர் முத்துக்கிருஷ்ணன் அவர்களின் சம்மதத்தைக் கேட்டோம். "சொல்லுங்க. ஆனா என் பேரை விட்டுட்டுச் சொல்லாதீங்க" என்றார் அவர்.

1992-ஆம் ஆண்டு, பிளஸ் டூ சான்றிதழோடும் இருபத்தாறு வயதோடும் ஆய்வக உதவியாளராக வந்து சேர்ந்தவர் காளியம்மாள். வீட்டில் வெங்காயமும் மல்லிகையும் போடுகிற குடும்பம். வேலைக்கு வந்த முதல் வாரமே, செத்த முயல் ஒன்றைக் கொடுத்து, வேகவைத்துச் சதையெடுத்து எலும்புக்கூடாக்கச் சொன்னார்கள். முகம் சுளிக்காமல் செய்தார். ஆனால் விலா எலும்புகளை மாற்றிக் கோத்துவிட்டார். அதை அவரே கண்டுபிடித்து, மறுபடி அவிழ்த்துக் கோத்துக் கொண்டுவந்து வைத்தார். இரண்டே ஆண்டுகளில் தவளைக் கால் எலும்பைக்கூடக் கம்பி தெரியாமல் பொருத்தும் கை அவருக்கு வந்துவிட்டது. அருங்காட்சியகத்தில் உள்ள இருநூற்றுப் பதினோரு மாதிரிகளின் முன்னால் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டு அத்தனையும் அவர் கையெழுத்துதான்.

2012-இல் பரிணாமப் பாடத்துக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. துறைத்தலைவர் முத்துக்கிருஷ்ணன் வகுப்பில் ஒரு பிராணியைக் கரும்பலகையில் வரைவதும் அழிப்பதுமாக இரண்டு நாள் பாடுபட்டார். பாடம் நடத்துவதில் வல்லவர். படம் மட்டும் அவருக்கு வராது.

"வரைஞ்சா கோழி மாதிரி வருது, இல்லாட்டி ஓணான் மாதிரி வருது காளியம்மா" என்று ஆய்வகத்தில் வந்து அலுத்துக்கொண்டார்.

"அது என்ன பிராணி சார்?"

அவர் ஓர் ஆய்விதழின் படங்களைக் காட்டி விளக்கினார். காக்கை அளவே இருந்த சிறிய டைனோசர் அது. ஏறத்தாழப் பதினாறு கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய சீனாவின் வடகிழக்குப் பகுதியில் வாழ்ந்தது. உடலெங்கும் இறகு. கைகளில் நீண்ட இறகு. கால்களிலும் விரல்வரை இறகு. வாயில் பல், கையில் நகம், பின்னால் எலும்போடு நீண்ட வால். பறந்ததா, கிளைக்குக் கிளை தாவியதா என்று உறுதியாகத் தெரியாது. பாறையில் பதிந்த இறகுகளில் நிறமித் துகள்களின் தடயம் எஞ்சியிருந்ததால், நிறத்தைக்கூட ஆய்வாளர்கள் கணித்திருந்தார்கள். உடல் கருஞ்சாம்பல், இறக்கை இறகுகள் வெள்ளை, அவற்றின் நுனி கறுப்பு, தலையில் செந்நிறக் கொண்டை. பெயர் ஆங்கியோர்னிஸ். 'பறவைக்கு அருகில்' என்று பொருள்.

காளியம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் செஞ்சு பாக்குறேன் சார்" என்றார்.

நான்கு மாதம் ஆயிற்று. உடலுக்குக் கம்பியும் காகிதக் கூழும். வாலுக்கு ஆய்வகத்தில் செத்த வெள்ளெலிகளின் வால் எலும்பு. பல்லுக்குக் கெண்டை மீன் முள்ளைச் சீவியது. வெள்ளை இறகு செம்பட்டி சாலைக் கறிக்கடையிலிருந்து பையில் வந்தது. அதைச் சோப்பு நீரில் மூன்று முறை அலசி, நுனியை ஒவ்வொன்றாக மையில் தோய்த்தார். கொண்டைக்கு நாட்டுச் சேவலின் கழுத்து இறகு. கறுப்பு இறகு வீட்டுக் கோழியுடையது. அதைப் பற்றி அவர் கணவர் கருப்புசாமி இன்றுவரை சொல்கிற புகார் ஒன்று உண்டு: "காலேஜுக்குப் பொம்ம செய்யிறேன்னு எங்கோழிய மொட்டையாக்கிட்டா." அந்தக் கோழி அதற்குப் பிறகும் மூன்று ஆண்டு முட்டையிட்டது என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

பொம்மை முடிந்தது. அதன் பிறகுதான் சிக்கல்.

"சார், இத எந்தப் பீரோவுல வைக்க?" என்று கேட்டார் காளியம்மாள். ஊர்வனவற்றுக்கு ஒரு கண்ணாடிப் பீரோ, பறவைகளுக்கு ஒரு கண்ணாடிப் பீரோ, எதிரெதிரே இருந்தன.

"டைனோசர்தான? ஊர்வனப் பீரோவுல வை."

அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த உதவிப் பேராசிரியர் தமிழ்மதி குறுக்கிட்டார். "அக்கா, செத்த இருங்க. சார், இத மொத மொதல்ல விவரிச்சவங்களே பறவைக் கிளையோட அடியிலதான வச்சாங்க?"

"அதே வருஷம் இன்னும் நல்ல புதைபடிவம் கெடச்சு, ட்ரூடான்டிட் குடும்பத்து டைனோசர்னு மாத்துனாங்களே, அது?"

"அதுக்கப்புறம் வந்ததையும் பாக்கணும்ல சார்?"

பொம்மை அன்று ஊர்வனப் பீரோவுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு ஒரு புதிய ஆய்வு அதைப் பறவைகளின் பக்கம் சேர்த்தது. தமிழ்மதி அச்செடுத்துக்கொண்டு வந்தார். பொம்மை எதிர்ப் பீரோவுக்கு மாறியது. பிறகு முத்துக்கிருஷ்ணன் வேறொன்றைக் கொண்டுவந்தார். புதிதாக ஒரு படிவம் தோண்டியெடுக்கப்பட்டாலும், ஒப்பிடுகிற எலும்புகளின் பட்டியல் கொஞ்சம் மாறினாலும், அந்தச் சிறு பிராணி ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவிவிடும். ஆறு ஆண்டுகளில் ஒன்பது முறை அது பீரோ மாறியது. ஒவ்வொரு முறையும் இறகு கலையாமல் தூக்கி வைத்தவர் காளியம்மாள்.

தூக்கி வைத்தவர் கேட்டுக்கொண்டும் இருந்தார். முத்துக்கிருஷ்ணன், தமிழ்மதி இருவரும் ஒரே எலும்பைக் காட்டித்தான் பேசினார்கள். இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒருநாள் தமிழ்மதியிடம், "அப்ப இதுதான் பறவைக்கெல்லாம் பூட்டனா மேடம்?" என்று கேட்டார்.

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. ஒரு படிவத்தக் காட்டி, இதுக்குப் பொறந்ததுதான் அம்புட்டுப் பறவையும்னு யாராலயும் சொல்ல முடியாது. சித்தப்பா முறையா, அதவிட தள்ளுன சொந்தமான்னுதான் பாக்க முடியும்."

"சார் என்ன சொல்றாரு?"

"இதுல மட்டும் சாரும் நானும் ஒண்ணு" என்று சிரித்தார் தமிழ்மதி.

2018 பிப்ரவரியில் கல்லூரியைத் தரமதிப்பீடு செய்ய ஒரு குழு வருவதாக அறிவிப்பு வந்தது. துறைக்கொரு தனிச்சிறப்பைக் காட்டியாக வேண்டும் என்று முதல்வர் ஆணையிட்டார். முத்துக்கிருஷ்ணனுக்கு உள்ளூர அச்சம். சேர்க்கை குறைந்து வந்த முதுகலை வகுப்பு நீடிக்குமா என்பது அந்த மதிப்பீட்டைப் பொறுத்திருந்தது. தமிழ்மதி அப்போது பிரசவ விடுப்பில் இருந்தார்.

"ஆங்கியோர்னிஸை வாசலுக்கு எதுக்க வச்சிரு காளியம்மா. சீட்டுல 'பறவைகளின் மூதாதை'ன்னு பெருசா எழுதிரு."

"அப்படி இல்லையே சார். நீங்களும் சொன்னதில்ல, தமிழ்மதி மேடமும் சொன்னதில்ல."

"வாரவங்க ரெண்டு நிமிஷம் நிப்பாங்க. அதுக்குள்ள இந்தத் தகராறையெல்லாம் சொல்லிக்கிட்டிருக்க முடியுமா? சந்தேகத்தக் காட்டுனா நமக்குத் தெரியலன்னு நெனச்சுருவாங்க. எழுதும்மா."

எழுதினார். அழகாகத்தான் எழுதினார். ஆனால் பொம்மையை வைத்த வாசல் மேசையைக் கடக்கும்போதெல்லாம், கோயில் வாசலில் அடுத்தவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டவர்போல அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

குழுவில் மூவர் இருந்தார்கள். அவர்களில் தமிழறிந்த மூத்த பேராசிரியை ஒருவர் பொம்மையின் முன் நின்றார். "இதைச் செய்தவர் எங்கள் ஆய்வக உதவியாளர்" என்று முதல்வர் பெருமையோடு காளியம்மாளைக் காட்டினார். அந்த அம்மையார் சீட்டைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துறைத்தலைவரைப் பார்க்காமல் காளியம்மாளைப் பார்த்தார்.

"பறவைகளோட மூதாதைன்னு போட்டிருக்கே. அப்படியாம்மா?"

முதல்வரும் துறைத்தலைவரும் இரண்டடி தள்ளி நின்றார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்; குழு அடுத்த அறைக்குப் போயிருக்கும். காளியம்மாள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"இல்லங்கம்மா. அப்படி யாரும் சொல்லல. பறவைக்குப் பக்கத்துச் சொந்தம்னு சொல்றாங்க. எம்புட்டுப் பக்கம்னுதான் இன்னும் தகராறு. கொண்டைக்குச் செகப்பு வச்சது நான். வேற படிவத்துல அந்த இடம் செகப்பா இல்லையாம், அதுலயும் இப்ப சந்தேகம். சீட்டு எழுதுனதும் நான்தான். தப்பா எழுதிட்டேன்."

அந்த அம்மையார் தம் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டு நகர்ந்தார். முத்துக்கிருஷ்ணன் வாய் திறக்கவில்லை.

மறுநாள் முதல்வர் அலுவலகத்திலிருந்து காளியம்மாளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. தவறான தகவலைப் பொறுப்பின்றி எழுதி, குழுவின் முன்னிலையில் கல்லூரிக்கு இழுக்குத் தேடியது ஏன் என்று மூன்று நாள்களுக்குள் விளக்கம் தர வேண்டும். அந்த மாதம்தான், எல்லாத் துறை உதவியாளர்களுக்கும் பொதுவான காப்பாளர் பதவி உயர்வுக்கான பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. மூப்பின்படி அவர் பெயர் முதலில் இருந்தது. விளக்கம் ஏற்கப்படும்வரை பெயர் நிறுத்தி வைக்கப்படும் என்று குறிப்பாணையின் கடைசி வரி சொன்னது.

வீட்டில் கருப்புசாமி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தாளு சொல்லித்தான எழுதுன? அத எழுதிக் குடு. முடிஞ்சு போச்சு."

"அவரு சொன்னாரு. பேனா எங்கையில இருந்துச்சு. முடியாதுன்னு நான் சொல்லலையே."

"அதுக்காக நீ மட்டும் மாட்டிக்கிருவியா?"

"அவருக்கே தெரியும்ல. அவரு சொல்லட்டும்."

மூன்றாம் நாள் அவர் எழுதிக் கொடுத்த விளக்கம் இரண்டே வரி. 'சீட்டில் உள்ளது என் கையெழுத்து, தகவல் தவறு. திருத்தி எழுத அனுமதி வேண்டுகிறேன்.' யார் பெயரும் அதில் இல்லை.

முத்துக்கிருஷ்ணன் நாளை சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்றிருந்தார். இதை அவரே எங்களிடம் சொன்னார். ஆய்வகத்தில் இருவரும் தினமும் பார்த்துக்கொண்டார்கள். "சரி சார்", "இருக்கு சார்" என்பதற்கு மேல் காளியம்மாள் பேசவில்லை. உள்ளே கோபம் இருந்தது. அதைவிட, இத்தனை ஆண்டு மதித்த மனிதர் இன்றைக்காவது எழுந்து முதல்வர் அறைக்குப் போவாரா என்று காலையில் எதிர்பார்ப்பதும், மாலையில் கதவை அடைத்துவிட்டு பஸ் ஏறுவதுமாக இருந்ததுதான் அவருக்குக் கடினமாக இருந்தது.

பதினோராம் நாள் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. காப்பாளர் பதவி தாவரவியல் துறை ஆய்வக உதவியாளர் ஆண்டனிராஜுக்குப் போயிருந்தது. அவர் மதியமே தேடிவந்தார்.

"அக்கா, எனக்குச் சங்கடமா இருக்கு. நான் கேட்டு வாங்கலக்கா."

"நீ என்னடா பண்ணுவ? போ, போயி மொதல்ல வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லு" என்று அனுப்பிவிட்டு, பின்கட்டுத் தொட்டியில் குடுவைகளைக் கழுவப் போனார் காளியம்மாள். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த குடுவைகள் அவை. முத்துக்கிருஷ்ணன் சன்னல் வழியே அதைப் பார்த்தார்.

பன்னிரண்டாம் நாள் காலை அவர் முதல்வர் அறைக்குள் போய், எழுதச் சொன்னது தாமே என்றும், காளியம்மாள் மறுத்துப் பார்த்தார் என்றும் எழுத்துமூலம் கொடுத்தார். குறிப்பாணை திரும்பப் பெறப்பட்டது. பட்டியல் முந்தின நாளே நிர்வாகத்துக்குப் போய் ஒப்புதலாகிவிட்டதால், அதை மாற்ற வழியில்லை என்றார்கள். அடுத்த காப்பாளர் இடம் காலியாக மூன்று ஆண்டுகள் ஆயின. குழுவின் அறிக்கை வந்தபோது அதில் பொம்மையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முதுகலை வகுப்பு நீடித்தது. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் நூலகம்.

சீட்டைத் திருத்தும் அனுமதி மட்டும் உடனே கிடைத்தது. காளியம்மாள் தமிழ்மதிக்குப் போன் செய்தார். பின்னணியில் கைக்குழந்தை அழ, ஒவ்வொரு வரியையும் படித்துக்காட்டிச் சரிபார்த்தார். பொம்மையை இரண்டு பீரோக்களிலும் சேர்க்காமல், நடுவில் தனிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். இன்றும் அங்கே இருக்கும் சீட்டு இது:

'ஆங்கியோர்னிஸ். ஏறத்தாழ பதினாறு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிறிய இறகுள்ள டைனோசர். பறவைகளுக்கு நெருங்கிய உறவு. பறவைக் கிளையைச் சேர்ந்ததா, அதற்கு வெளியே உள்ளதா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. கொண்டையின் நிறம் ஐயத்துக்குரியது. இங்கே ஒட்டியுள்ள இறகுகள் கோழியுடையவை.'

2021-இல் காளியம்மாள் காப்பாளரானார். 2022 மே மாதம் முத்துக்கிருஷ்ணன் ஓய்வுபெற்றார். விழா முடிந்து மாலையைக் கையில் பிடித்தபடி ஆய்வகத்துக்கு வந்தவர், மேசைப் பக்கம் தயங்கி நின்றார்.

"அன்னைக்கு நான் ஏன் வாயத் தொறக்கலன்னு நீ ஒருநாளும் கேக்கலையே காளியம்மா."

காளியம்மாள் அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "கேட்டா நீங்க ஒரு காரணம் சொல்லணும் சார். அது எதா இருந்தாலும் சரியா இருக்காது. அப்புறம் உங்களப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காரணம்தான் ஞாபகத்துக்கு வரும்."

அவர் உட்காரவில்லை.

"கோவம் இருந்துச்சு சார். இல்லன்னு சொல்ல மாட்டேன். காப்பாளர் நாற்காலியில உக்காந்தன்னைக்குத்தான் கொறஞ்சுச்சு. ஆனா பன்னெண்டாம் நாளு போனீங்கள்ல? பட்டியல் போனதுக்கப்புறம் போயி ஒண்ணும் ஆகப் போறதில்லன்னு உங்களுக்குத் தெரியும். இருந்தும் போனீங்க. நான் அத நெனச்சுக்கிருவேன்."

முத்துக்கிருஷ்ணன் அதன் பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். இதை அப்போது அங்கிருந்த தமிழ்மதி சொல்கிறார்.

நேர்மை நிறைந்த எங்கள் காப்பாளரே! உறவினருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம். இனித் தங்களிடம் ஒரு வார்த்தை. தங்களுக்கு நேர்ந்த இழப்பை இம்மடல் ஈடுசெய்யாது. அதை ஈடுசெய்வதாக நடிக்கவும் இல்லை. தங்கள் கைகள் நடுக்கமறியாதிருக்க, கண்கள் மங்கலறியாதிருக்க, மல்லிகை மலிந்து, வெங்காயம் விளைந்து, கருப்புசாமி அவர்களோடும் மக்களோடும் பேரப் பிள்ளைகளோடும் நலங்கெடா நெடுநாள் வாழ்வு தங்களுக்கு நிறைந்து கிட்டுவதாக என்று மனமார விழைகிறோம். தெரிந்ததைத் தெரியுமென்றும் தெரியாததைத் தெரியாதென்றும் தாங்கள் எழுதிப் பழக்கிய அறையில், இனி வரும் சீட்டுகளை நாங்கள் எழுதுவோம்.

இங்ஙனம்,
தங்கள் அன்பிற்குரிய
விலங்கியல் துறை ஆசிரியர்களும் அலுவலர்களும்

முனைவர் தமிழ்மதி, துறைத்தலைவர்
ஆண்டனிராஜ், காப்பாளர், தாவரவியல் துறை
முனைவர் முத்துக்கிருஷ்ணன், எழுதச் சொன்னவர்